கப்பலுக்காகப் பிறந்த ஸ்டேஷன்

ரயில்வே ஸ்டேஷன்கள் சாதாரணமாக ஊர்களுக்காக ஏற்படுகிறவை. ஊர் முதலில் இருக்கும். அதன் சந்தையோ கோயிலோ கச்சேரியோ நாலா பக்கமும் பேர் பரவும்படி வளர்ந்து, உள்ளூர்ப் பிரமுகர்கள் கம்பெனிக்கு மனுவின்மேல் மனுவாகப் போட்டு, பிறகு ஒரு நல்ல நாளில் வண்டி வந்து நிற்கும். ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்குக் கோடியில், ஒரு புறம் பாக் நீரிணையும் மறு புறம் மன்னார் வளைகுடாவும் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவில் ஒடுங்கி நீளும் மணற்பரப்பிலே 1914-ஆம் ஆண்டு முதல் 1964-ஆம் ஆண்டு வரை இருந்த தனுஷ்கோடி ஸ்டேஷனின் ஜாதகம் அப்படிப்பட்டதல்ல. இலங்கைக்குப் போகும் கப்பல் வந்து அணைவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அதனால் அங்கே தண்டவாளம் போயிற்று. தண்டவாளம் போனபடியால் ஸ்டேஷனும், ஸ்டேஷன் வந்தபடியால் சுங்க ஆபீஸும் தபாலாபீஸும் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் வந்து சேர்ந்து, மீனவர் குடிசைகள் சில மட்டுமே கிடந்த இடம் துறைமுகம் என்று தேசப்படத்தில் குறிக்கப்படும் அந்தஸ்தைப் பெற்றது.

அந்த ஸ்டேஷன் அழிந்த கதையை அநேகமாக எல்லாப் பத்திரிகைகளும் எழுதியிருக்கின்றன. டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் புயலும் அலையும் அகால மரணமும் ஏதேனும் ஒரு பக்கத்தில் இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. அது வாழ்ந்த 50 வருஷத்தைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. ஆகவே இந்த வாரம் அதன் வாழ்க்கையைச் சற்று விஸ்தாரமாகவும், மரணத்தைச் சுருக்கமாகவும் சொல்ல உத்தேசம்.

தண்டவாளத்துக்கு வெகுகாலம் முன்பே அந்த மணலில் மனிதக் காலடிகள் பட்டதுண்டு. காசி யாத்திரை போய்க் கங்கையில் ஸ்நானம் செய்து திரும்புகிறவர்களுக்கு, அந்தக் கோடியிலுள்ள சேதுவில் முழுகினால்தான் யாத்திரை பூர்த்தியாகும் என்பது ஐதீகம். வடக்கே போகிறவர்கள் சேது மணலை எடுத்துச் சென்று பிரயாகையில் கரைப்பதும் உண்டு. ராமநாதபுரம் சேதுபதிகள் தங்கள் பட்டப்பெயருக்கு ஏற்பச் சேது மார்க்கத்தைக் காப்பதையே முதற் கடமையாகக் கொண்டிருந்தார்கள். வழிநெடுகச் சத்திரங்கள் எழுந்தன. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் வழியில் முகுந்தராயர் சத்திரம் என்னும் இடம் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. மண்டபத்திலிருந்து பாம்பன் கால்வாயைத் தோணியில் கடந்து, தீவின் மணலில் நடந்தும் வண்டியிலும் போய், சிலர் கோடிவரையில் படகிலேயே சென்று, ஸ்நானத்தை முடித்துத் திரும்புவார்கள். அவர்களில் எவரும் அங்கே தங்கி ஊர் அமைக்க எண்ணியதில்லை. குடிக்கும் தண்ணீரை மணலில் கையால் ஊற்றுத் தோண்டி எடுக்க வேண்டிய இடத்தில் யார்தான் தங்க நினைப்பார்கள்?

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் போக்குவரத்து பெரிய வியாபாரமாகியிருந்தது. மத்திய மலைநாட்டில் காப்பிப் பயிர் பூஞ்சை நோயால் நாசமடைந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்ட பிறகு அந்த வியாபாரத்தின் தன்மையே மாறிற்று. காப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் வேண்டும்; வேலை முடிந்தால் கூலியாட்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடலாம். தேயிலைக் கொழுந்து வருஷம் முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. எனவே தனி ஆளாகப் போய்வந்தவர்கள் போய், பெண்டு பிள்ளைகளோடு குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள் கிளம்பினார்கள். பழைய காலத்தில் இவர்கள் தோணியில் மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடே மாத்தளைவரையில் நடந்து போனவர்கள். வழியிலே காலராவும் காய்ச்சலும் கொண்டுபோனவர்களுக்குக் கணக்கே இல்லை. பின்னர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் பிரதான மார்க்கமாயிற்று. அந்த மார்க்கத்தில் எவ்வளவு லாபம் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்: 1906-ஆம் ஆண்டு வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்ததும் அதே தூத்துக்குடி–கொழும்பு மார்க்கத்தில்தான். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி அவரை நசுக்கக் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்ததும் அதே லாபத்தைக் காப்பதற்குத்தான்.

இவ்வளவு பேர் கடல் கடக்கும்போது, கடல் மிகக் குறுகியிருக்கும் இடத்தில் கடக்க வைத்தால் என்ன என்று தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்குத் தோன்றியதில் வியப்பில்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவு முழுவதும் கப்பலில் தலைசுற்றிக் கிடக்க வேண்டும். தனுஷ்கோடிக்கும் எதிர்க்கரையிலுள்ள தலைமன்னாருக்கும் இடையிலோ 20 மைலுக்குச் சற்று மேற்பட்ட நீர்ப்பரப்பே உண்டு. நடுவில் கிடக்கும் மணல் திட்டுக்களின்மேல் பாலமே போட்டுவிடலாம் என்ற பிரஸ்தாபமும் நடந்தது. செலவு மலைக்கச் செய்தது. பாலத்துக்குப் பதிலாகக் கப்பல் என்று தீர்மானமாயிற்று. மதுரையிலிருந்து மண்டபம் வரையில் 1902-ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டபடியால், கம்பெனியின் வழியில் எஞ்சி நின்ற பெரிய இடையூறு பாம்பன் கால்வாய் ஒன்றுதான். அதன்மேல் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில், 140-க்கும் மேற்பட்ட தூண்களை நிறுத்தி, நடுவே கப்பல்கள் போவதற்காக இரு கைகளைத் தூக்குவதுபோலத் திறந்துகொள்ளும் ஷெர்ஸர் தூக்குப் பாலத்தையும் அமைத்து, 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி திறந்து வைத்தார்கள். அந்த இரும்புக் கைகளை மேலே தூக்குவதற்கு யந்திரம் இல்லை. ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறக்க வேண்டும். சில நாட்களுக்குள், மார்ச் முதல் தேதியில், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓட ஆரம்பித்தது. இலங்கைச் சர்க்கார் ரயில்வே தன் பங்குக்கு மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையில் இருப்புப் பாதையை நீட்டிவிட்டிருந்தது.

இதற்குப் பிறகு சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போகலாம் என்றாயிற்று. சாயங்காலம் எழும்பூரில் மெயில் ஏறுகிறவர், காவிரிக்கரை ஊர்களைத் தூக்கத்திலே கடந்து, பகலில் ராமநாதபுரத்துப் பனங்காடுகளைப் பார்த்து, பாம்பன் பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்து போகையில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிற்பகலில் தனுஷ்கோடித் துறையில் இறங்குவார். கப்பல் சுமார் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னாரில் கொண்டு சேர்க்கும். அங்கே காத்திருக்கும் இலங்கை வண்டியில் இரவைக் கழித்தால் மறுநாள் காலை கொழும்புக் கோட்டை ஸ்டேஷன். இந்த வண்டிக்குக் கம்பெனி கால அட்டவணையில் என்ன பெயர் வைத்திருந்தாலும், ஜனங்களுக்கு அது ‘போட் மெயில்’. கப்பல்களுக்கு ராஜப் பிரதிநிதிகளின் நாமங்களைச் சூட்டியிருந்தார்கள்: முதலில் கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று மூன்று, பிற்காலத்தில் இர்வின் என்று ஒன்று, சென்னை ஆளுநராக இருந்த கோஷன் பிரபுவின் பெயரால் ஒன்று. வங்காளத்தைப் பிளந்து தேசத்தையே கொதிக்க வைத்த கர்ஸன் பிரபுவின்மேல் ஏறி உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு கடல் தாண்டும் பாக்கியம் நம்மவர்களுக்கு இவ்விதம் கிட்டிற்று.

முதல் வகுப்புப் பிரயாணிகளும் வியாபாரிகளும் செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளைகளும் உத்தியோகஸ்தர்களும் இந்த மார்க்கத்துக்கு அந்தஸ்தைக் கொடுத்தார்கள் என்பது மெய். ஆனால் இதற்குச் சோறு போட்டவர்கள் மூன்றாம் வகுப்பில் அடைந்து வந்த தோட்டக் கூலிகள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை ஆகிய சீமைகளின் மழை பொய்த்த கிராமங்களிலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கடன்காரனுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, சட்டி பானைகளோடும் கைக்குழந்தைகளோடும் அவர்கள் புறப்பட்டு வந்தார்கள். கங்காணி அவர்கள் ஊர்க்காரன். பல சமயங்களில் உறவுக்காரனும்கூட. இலங்கைத் தோட்டத் துரைமார்கள் ஆள் சேர்ப்பதற்கென்றே திருச்சியில் ஓர் ஆபீஸ் வைத்திருந்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில், போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை ஒன்றை ஒவ்வொரு ஆளிடமும் கொடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை வழியெங்கும் அந்த வில்லை சொல்லும். ரயிலுக்கும் கப்பலுக்கும் அதுவே சீட்டு. பிரயாணச் செலவு யார் தலையில் விழுந்தது, கங்காணியின் கணக்கில் எவ்வளவு ஏறிற்று என்பதெல்லாம் தேயிலைத் தோட்டத்தின் சரித்திரத்தில் தனி அத்தியாயம். அதற்குள் இப்போது புகுந்தால் ஸ்டேஷனுக்குத் திரும்ப முடியாது.

இவர்களை வண்டி நேரே தனுஷ்கோடிக்குக் கொண்டுபோய் விடவில்லை. பாலத்துக்கு இப்பால், மண்டபத்தில், இலங்கைச் சர்க்கார் இந்திய மண்ணிலேயே ஒரு பெரிய முகாம் நடத்திவந்தது. காலராவும் பிளேக்கும் அம்மையும் கடல் தாண்டி வந்துவிடக் கூடாதே என்பது அதன் கவலை. கூலியாட்கள் ஏறத்தாழ ஒரு வாரம் அங்கே அடைபட்டிருந்து, துணிகள் வெந்நீரில் அவிக்கப்பட்டு, அம்மை குத்திக்கொண்டு, வயிற்றுப் புழுவுக்கு மருந்து குடித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகே பாலத்தைக் கடந்தார்கள். மேல்வகுப்புப் பிரயாணிகளுக்குப் பொதுவாக இந்தத் தங்கல் கிடையாது. அவர்களிடம் கிருமிகளுக்கும் மரியாதை உண்டு என்று அக்காலத்துச் சுகாதார இலாகா நம்பியது போலும்! ‘மண்டபம் காம்ப்’ என்ற பெயர் அந்த நாளில் ஏற்பட்டது. இன்றும் ஸ்டேஷன் பலகையில் நிலைத்திருக்கிறது. ஆகவே தனுஷ்கோடி ஸ்டேஷனில் இறங்கிய ஒரு கூலிக் குடும்பத்துக்கு, அது இந்தியாவில் அவர்கள் கண்ட கடைசி ஊர் மட்டுமல்ல. ஒரு வாரத்துக்குப் பின் கட்டவிழ்த்து விடப்பட்டு வெளிக்காற்றை அனுபவித்த முதல் ஊரும் அதுவே. கண்டிச் சீமையில் தேயிலைச் செடிக்கு அடியில் தேங்காயும் மாசியும் விளைகிறது என்று கங்காணி சொன்னதை நம்பியவர்கள் அவர்களில் எத்தனை பேரோ!

ஊரைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை அந்தக் கரை ஜனங்கள் ஆண்கடல் என்பார்கள். அது குமுறும் சுபாவமுள்ளது. வடக்கேயுள்ள பாக் நீரிணை பெண்கடல். அது பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெண்கடல் பொங்கி எழ, ஆண்கடல் அடங்கிவிடும். இவ்விரண்டின் குணபேதங்களையும் அறிந்தவர்களே அங்கே தொழில் செய்ய முடியும். ரயில் வந்த பிறகு மீனுக்கும் கருவாட்டுக்கும் புதிய சந்தைகள் திறந்தன. கரையில் இறங்கும் சரக்கு வண்டியேறி உள்நாட்டுக்கும், கப்பலேறி இலங்கைக்கும் போயிற்று. வீடுகளும் கோயிலும் மாதா கோயிலும் கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளப்பாறைக் கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு கட்டப்பட்டன. இன்று வரும் பிரயாணிகள் படமெடுத்துக்கொள்ளும் குட்டிச்சுவர்கள் அவைதான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரயில்வே சிப்பந்திகளின் குடியிருப்பும், என்ஜினுக்கான தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. ஒரு நாளில் மெயில் வந்து கப்பல் புறப்படும் அந்த இரண்டொரு மணி நேரமே ஊருக்கு உயிர். சுங்க உத்தியோகஸ்தர் பெட்டிகளைக் குடைவார், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், போர்ட்டர்கள் கூவுவார்கள், சேது ஸ்நானத்துக்கு வந்த வடக்கத்தி யாத்திரிகர்கள் இந்த அமளியின் நடுவே திகைத்து நிற்பார்கள். கப்பல் கண்ணுக்கு மறைந்ததும் ஸ்டேஷன் மாஸ்டருக்குக்கூட வேலை இராது.

தபால் மூட்டைகளும் பத்திரிகைக் கட்டுகளும் இதே வண்டியில்தான் வந்தன. அப்துல் கலாம் தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்லும் ஒரு விஷயம் இங்கே நினைவுக்கு வருகிறது. இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் ராமேஸ்வரம் ஸ்டேஷனில் வண்டி நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள்; பத்திரிகைக் கட்டுகளை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடுகிற வண்டியிலிருந்து வெளியே எறிவார்கள்; அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பதில் தம் உறவினருக்கு உதவியதுதான் பிற்காலத்து ஜனாதிபதி சம்பாதித்த முதற் கூலி. யாத்திரிகர்களை ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அழைத்துப் போவதற்காக அவர் தகப்பனார் படகு கட்டிய செய்தியும் அந்நூலில் உண்டு. ரயில் இருந்தும் படகுக்கு வேலை இருந்தது என்பதை அதிலிருந்து அறிகிறோம்.

இனி இந்த ஸ்டேஷனின் தேய்பிறைக் காலம். புயல் ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது என்று எண்ணுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. ஆனால் புயலுக்குக் கால் நூற்றாண்டு முன்பே தனுஷ்கோடியின் வாசற்கதவை இரு பக்கத்துச் சர்க்கார்களும் மெல்ல மெல்லச் சாத்தத் தொடங்கிவிட்டன என்பது என் அபிப்பிராயம். 1939-ஆம் ஆண்டு இலங்கையில் சர்க்கார் இலாகாக்களில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை நீக்க முற்பட்டார்கள். ஜவஹர்லால் நேரு கொழும்புக்குப் போய்ப் பேசிப் பார்த்தும் பயனில்லை. அவ்வருஷம் ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்கள் இலங்கை செல்வதை இந்திய சர்க்கார் தடை செய்தது. எந்த ஜனங்களை ஏற்றுவதற்காகப் பாலமும் துறையும் கப்பலும் முதலில் சிருஷ்டிக்கப்பட்டனவோ, அந்த ஜனங்களின் புதுவரவு அன்றோடு நின்றது. ஊருக்கு வந்து போகும் பழைய தொழிலாளர்களும் வியாபாரிகளும் யாத்திரிகர்களுமே மிஞ்சினார்கள்.

சுதந்திரம் வந்தது, அதுவரை ஒரே சாம்ராஜ்யத்தின் இரு கரைகளாக இருந்தவை இரண்டு தேசங்களின் எல்லைகளாயின. 1948-ஆம் ஆண்டு இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் பிரஜைகள் அல்லாதவர்களாக ஆக்கிவிட்டது. குடிவரவுச் சட்டமும் தொடர்ந்து வந்தபடியால், முன்னே மண்டபத்து டாக்டரின் சீட்டு போதுமாக இருந்த பிரயாணத்துக்கு இப்போது பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டியதாயிற்று. பாட்டன் தகர வில்லையைக் காட்டிப் போன வழியில் பேரன் இரண்டு சர்க்காரின் முத்திரைகளைத் தேடி அலைந்தான். காகிதம் கிடைக்காதவர்களில் சிலர் இரவில் தோணியேறினார்கள். ‘கள்ளத்தோணி’ என்ற பட்டம் வந்தவர்களோடு நில்லாமல், பல தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்மேலும் வசையாக விழுந்தது. 1954-ஆம் ஆண்டு நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கள்ளக் குடியேற்றத்தைத் தடுப்பது பிரதானமான ஷரத்து. கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது ஒரு ரயில் பிரயாணத்தின் நடுப்பகுதியாக இருந்த காலம் போய், அந்நிய தேசப் பிரயாணம் ஆகிவிட்டது.

கடைசியாக 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று தீர்மானம். சம்பந்தப்பட்ட ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை; மூட்டைகளைப் பங்கிட்டுக்கொள்வதற்கு மூட்டைகளின் சம்மதம் எதற்கு? தனுஷ்கோடிக்கு மறுபடியும் பெரிய வேலை காத்திருந்தது என்றுதான் அன்று தோன்றியிருக்கும். வெளியே போன ஜனங்களை உள்ளே வாங்கிக்கொள்ளும் துறையாக அது இன்னும் 15 வருஷம் இயங்கியிருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு ஐம்பத்து மூன்று நாட்களுக்குப் பின் புயல் வந்தது.

டிசம்பர் 17-ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு, பெரும் புயலாக வளர்ந்து, மேற்கு நோக்கி ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் நகர்ந்து, 22-ஆம் தேதி இலங்கையில் வவுனியாவைக் கடந்து, அன்றிரவு பாக் நீரிணையில் இறங்கிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் 653-ஆம் எண் பாஸஞ்சர் வண்டி, ஆறு பெட்டிகளோடு, இரவு 11.55-க்குப் புறப்பட்டது. தனுஷ்கோடிக்குச் சிறிது தூரத்தில் கைகாட்டி விழவில்லை. டிரைவர் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டு, நீளமாக ஊதிக்கொண்டு மெதுவாக வண்டியை நகர்த்தினார் என்று சொல்கிறார்கள். சுமார் 7 மீட்டர் உயரத்துக்கு எழும்பிய கடல் வண்டியையும் ஊரையும் சேர்த்துக்கொண்டு போயிற்று. வண்டியில் 110 பிரயாணிகளும் 5 சிப்பந்திகளும் இருந்ததாக ரயில்வேயின் கணக்கு. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்களாதலால் உண்மைத் தொகை அதைவிட அதிகம் என்பது ஊரார் நம்பிக்கை. ஒருவரும் பிழைக்கவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்து, பாலமும் சிதைந்து போனபடியால் இந்தச் செய்தி வெளியுலகத்துக்கு எட்டுவதற்கே நாட்கள் பிடித்தன. இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துவது அவசியம்: பாம்பன் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்த வண்டியைக் கடல் கவிழ்த்தது என்று இன்றைக்கும் பலர் எழுதுகிறார்கள். பாம்பன் ஸ்டேஷன் தீவிலேயே இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போன வண்டி பாலத்தின் பக்கமே போகவில்லை. பாலத்துக்கு வந்த சேதம் தனி.

அந்தச் சேதமும் சாமானியமானதல்ல. இரும்புத் தூலங்களில் மிகப் பெரும்பாலானவை தூண்களைவிட்டு அடித்துச் செல்லப்பட்டன. ஷெர்ஸர் தூக்குப் பாலம் மட்டும் அசையாமல் நின்றது. செப்பனிட ஆறு மாதம் வேண்டும் என்று மதிப்பிட்டார்கள். மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பை ஏற்ற 32 வயது இஞ்ஜினியர் இ. ஸ்ரீதரன், கடலுக்குள் கிடந்த பழைய தூலங்களையே தேடி எடுப்பித்து மேலே ஏற்றி, 46 நாட்களில் வேலையை முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டில்லி மெட்ரோவும் அமைத்துக் கியாதி பெற்றவர் அவர்தாம்.

46 நாட்களில் பாலத்தைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு மணலின்மேல் கிடந்த பதினைந்து மைல் பாதையைத் திரும்பப் போடுவது பெரிய காரியமல்ல. அப்படியிருந்தும் போடவில்லை. தனுஷ்கோடி மனித வாசத்துக்குத் தகுதியற்றது என்று சென்னை சர்க்கார் அறிவித்தது; ரயில்வேயும் பாதையை ராமேஸ்வரத்தோடு நிறுத்திக்கொண்டது. புயல் வந்த இடத்தில் மறுபடியும் புயல் வரலாம் என்ற நியாயம் மறுக்கத் தக்கதன்று. ஆனால் கூலிகளை ஏற்றி இறக்கும் அந்தப் பழைய லாபகரமான போக்குவரத்து அப்போது உயிரோடு இருந்திருந்தால், கம்பெனி காலத்து மனப்பான்மை அதே மணலில் அடுத்த வருஷமே துறையைக் கட்டியிருக்கும் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. 1914-இல் அவ்விடம் பத்திரமான இடம் என்று யாரும் கருதிக் கட்டவில்லை. லாபமான இடம் என்று கருதிக் கட்டினார்கள்.

ஒப்பந்தப்படி திரும்பி வந்த மலைநாட்டு ஜனங்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ‘ராமானுஜம்’ என்ற கப்பல் அவர்களைத் தலைமன்னாரிலிருந்து கொண்டுவந்தது. இறங்கியவர்களை அழைத்துச் சென்ற இடம் மண்டபம் காம்ப்: முன்னோர் நோயில்லையென்று நிரூபிப்பதற்காக அடைபட்டிருந்த அதே முகாம். அங்கிருந்து பலரை நீலகிரியில் சர்க்கார் புதிதாகப் போட்ட தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் அவர்கள் சந்ததியார் இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள். 1980-களில் இலங்கையில் கலவரம் மூண்டதும் அந்தக் கப்பலும் நின்றது. மண்டபம் காம்பில் வேறு அகதிகள் வந்து நிறைந்தார்கள்.

எதிர்க்கரையில் நிலைமை வேறு விதமாகத் திரும்பிற்று. யுத்தத்தில் பெயர்க்கப்பட்ட தலைமன்னார்ப் பாதையை இந்தியாவின் உதவியோடு திரும்பப் போட்டு, 2015-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அங்கே வண்டிக்குக் கொடியசைத்தார். இந்தப் பக்கம் 2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையில் தார்ச் சாலை போட்டார்கள்; கார்களும் பஸ்களும் இப்போது கோடிவரையில் போகின்றன. 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அகலப் பாதை போடுவதற்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. கடலரிப்பையும் கடற்கரையின் ஜீவராசிகளையும் காரணம் காட்டித் தமிழ்நாடு சர்க்கார் ஆட்சேபிக்கவே, அந்த யோசனை கிடப்பில் போடப்பட்டது. புயலுக்குப் பிறகும் அங்கேயே திரும்பிப் போய்க் கீற்றுக் குடிசைகளில் மீன்பிடித்து வாழும் குடும்பங்களுக்கு இரண்டு தரப்பிலும் வக்கீல் இல்லை.

அந்த ஆட்சேபணை எனக்குச் சரியாகவே படுகிறது; காரணம் மட்டும் வேறு. இலங்கைக்குக் கப்பல் 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓட ஆரம்பித்தது. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு விடும் பேச்சும் அவ்வப்போது அடிபடுகிறது. பாழடைந்த சுவர்களைப் பார்த்துத் திரும்புகிறவர்களுக்குச் சாலையே போதும். தனுஷ்கோடிக்கு ரயில் வேண்டுமென்று கேட்கிறவர்கள் முதலில் கப்பலைக் கேட்டு வாங்கட்டும். அது எந்தத் துறையில் வந்து நிற்கும் என்று முடிவானபின், பாதையை எதுவரையில் போடுவது என்பதை யோசித்துக்கொள்ளலாம்.